இனிப்பும் உறைப்பும்: நத்தார் ஒன்றுகூடலுக்கு ஒரு சமையலறைப் பாடம்

நவம்பர் மாத இறுதியில் ஜேர்மனிய நகரங்களின் நடுச்சதுக்கங்களிலே மரக்கொட்டில்கள் எழத் தொடங்கினால், நத்தார்ச் சந்தை வந்துவிட்டதென்பதை எமது பிள்ளைகளுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. கண்ணுக்கு முன்னரே மூக்கு அதனை அறிந்துவிடும். பெரியதொரு செப்புக் கொப்பரையிலே சீனியும் கறுவாவும் வாதுமையும் சேர்ந்து வறுபடும் மணம் அது. இந்நாட்டார் அப்பண்டத்தைக் 'கெபிரான்ட மாண்டெல்ன்' என்பர். 'எரித்த வாதுமை' என்பது நேர்ப்பொருள். பெயரில் மட்டுந்தான் எரிப்பு உண்டு. எரியவிடாமற் காப்பதே அதனைச் செய்பவரின் வித்தை. டிரெஸ்டன் நகரத்துச் சந்தை 1434ஆம் ஆண்டிலே தொடங்கியது. அத்துணைப் பழைமையான வழக்கத்தின் நடுவே, கூம்பாகச் சுற்றிய கடதாசிப் பையில் 100 கிராம் வாங்கி, கையுறையைக் கழற்றிவிட்டுச் சுடச்சுட ஒவ்வொன்றாக வாயிலிடும் எமது பிள்ளைகளும் இன்று நிற்கின்றனர்.

வாங்கி உண்போர் பலர். வீட்டிலே செய்து பார்த்தோர் சிலர். மார்கழி ஒன்றுகூடலுக்கு வீட்டுக்கொரு பண்டம் கொண்டுவரும் வழக்கம் எமது பாடசாலையில் உண்டு. வடை, ரோல்ஸ், பற்றீஸ், கேக் என்று மேசை நிறைந்திருக்கும். அம்மேசைக்கு ஏற்றவாறு இந்த வாதுமையைச் சிறிது மாற்றி, இனிப்போடு உறைப்பும் (தமிழகத்தார் காரம் என்பது) சேர்த்துச் செய்யும் முறையை இங்கே எழுதுகின்றோம். செய்முறை மட்டுமே எமது நோக்கமாயின் அரைப்பக்கம் போதும். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது ஒளிவிழாவிலே நிகழ்ந்ததொன்றைச் சொல்லாமல் இப்பாடத்தைத் தொடங்க எமக்கு மனம் வரவில்லை.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். வாதுமை, மரமுந்திரிகை முதலியவை அவனது உடலுக்கு ஒவ்வா. 'நுஸ்' உண்ணக்கூடாது, எதை உண்பதாயினும் கேட்டே உண்ணவேண்டும் என்று பெற்றோர் அவனை நன்கு பழக்கியிருந்தனர். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த அம்மம்மா ஒருவர், தாமே செய்த கேக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்போடு கொடுத்து வந்தார். சிறுவன் பழக்கியபடியே கேட்டான்: "அம்மம்மா, இதுக்குள்ள நுஸ் இருக்கா?" அவர் சொன்னார்: "இல்லை ராசா, இது கேக். சாப்பிடுங்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. எமது நாட்டு நத்தார்க் கேக்கிலே வறுத்த ரவையோடு மரமுந்திரிகையைப் பொடியாக வெட்டிச் சேர்ப்பர் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் அம்மண்டபத்தில் எவரும் இலர். 'நுஸ்' என்பது அதுதான் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அக்கேள்வி அருகில் நின்ற எமது காதிலும் விழுந்தது. கேக் தானே என்று நாமும் எண்ணினோம். சில நிமிடங்களில் பிள்ளையின் உதடு தடித்தது; உடலெங்கும் தடிப்புகள் தோன்றின; மூச்சு இழுக்கலாயிற்று. தாயாரின் கைப்பையிலே மருந்தூசி இருந்தமையாலும், 112 எனும் எண்ணை ஒருவர் உடனே அழைத்தமையாலும், ஓர் இரவு மருத்துவமனையில் இருந்து மறுநாள் நலமாக வீடு திரும்பினான். அந்த அம்மம்மா ஊருக்குத் திரும்பும்வரை எமது பாடசாலைப் பக்கம் வரவேயில்லை.

பெயர்களை அறிவோம்

'நுஸ்' என்ற ஒரே சொல்லால் ஜேர்மன் மொழி கூட்டிச் சொல்வதைத் தமிழிலே அன்றாடப் பேச்சில் ஒரு சொல்லால் சொல்லிவிட இயலாது. பருப்பு என்றால் வீட்டிலே மைசூர்ப் பருப்பும் பயறும் நினைவுக்கு வரும். கொட்டை என்றால் மாங்கொட்டை, புளியங்கொட்டை. ஆகவே ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் அறிதல் வேண்டும். ஜேர்மன் மொழியிலும் இத்தொல்லை முற்றாக இல்லையென்று கூறமுடியாது. வாதுமையின் பெயரான 'மாண்டெல்' என்பதிலே 'நுஸ்' இல்லை. சாதிக்காயின் பெயரான 'முஸ்காட்நுஸ்' என்பதிலே 'நுஸ்' உண்டு. பெயரின் வாலைப் பார்த்துப் பொருளைத் தீர்மானிக்கலாகாது.

இனி, எம்முள்ளேயே உள்ள வேறுபாட்டைக் கவனிப்போம். ஈழத்திலே கச்சான் என்பதைத் தமிழகத்தார் நிலக்கடலை, வேர்க்கடலை என்பர். பேச்சிலே வெறுமனே கடலை என்றும் கூறுவர். ஈழத்தவர் கடலை என்றால் அவித்துத் தாளித்து உண்ணும் கொண்டைக்கடலையே பொருள். கோவில்பட்டியிற் பெயர்பெற்ற கடலைமிட்டாய் முழுவதும் கச்சானால் ஆனது. ஈழத்துப் பிள்ளையொன்று 'கடலைதானே' என்று நம்பி அதனைக் கையிலெடுத்தால் வியப்பில்லை. அதுபோலவே முந்திரிகை. ஈழத்திலே முந்திரிகைப்பழம் என்பது கொடியிலே குலையாகக் காய்க்கும் திராட்சை. அதனாலேயே மற்றதனை மரமுந்திரிகை என்று பிரித்துச் சொன்னார்கள். தமிழகத்திலே முந்திரி என்றாலே மரமுந்திரிகைதான். போர்த்துக்கேயர் வழி வந்த கஜு என்ற பெயரும் எமது வீடுகளில் வழங்குகின்றது. எமது வகுப்புகளிலே இருநாட்டுப் பிள்ளைகளும் அருகருகே இருந்து படிப்பதால், 'கடலை' என்று ஒருவர் சொன்னால் எந்தக் கடலை என்று கேட்கும் பழக்கம் நல்லது.

கச்சானோ உண்மையில் மரக்கொட்டை வகையைச் சேர்ந்ததன்று. அவரையும் பயறும் போன்ற குடும்பத்தது. பூ நிலத்துக்கு மேலே பூக்கும். பின்னர் அதன் காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணுக்குள் நுழைந்து அங்கே காய் முற்றும். நிலக்கடலை என்று நாம் சொன்னதையே ஜேர்மானியரும் 'எர்ட்நுஸ்' என்றனர். 'எர்ட' என்றால் மண். டிசம்பர் 6ஆம் நாள் காலையில் நிக்கொலாஸ் பெரியார் பிள்ளைகளின் சப்பாத்துக்குள் இட்டுச் செல்லும் பொருட்களிலே தோடம்பழத்தின் தம்பி போன்ற மண்டரினோடு தோலுடன் கூடிய கச்சானும் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். நல்லூர்க் கந்தன் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வீதியோரத்திலே சூடான மணலில் வறுபட்ட அதே கச்சான்தான். பிள்ளையின் சப்பாத்துக்குள் அதனைக் கண்டு பெற்றோர் ஒரு கணம் நின்றுவிடுவதன் காரணம் பிள்ளைக்கு விளங்குவதில்லை. அன்று காலை அதனைச் சொல்லிவிடலாம்.

மரமுந்திரிகை மாமரத்தின் உறவு. வாதுமை, பீச் பழத்தின் உறவு. ஊரிலே நாட்டு வாதுமை என்று சொல்லப்படும் அகன்ற இலை மரம் முற்றிலும் வேறு. கச்சான் ஒவ்வாதவருக்கு வாதுமை ஒத்துக்கொள்வதும், வாதுமை ஒவ்வாதவருக்குக் கச்சான் ஒத்துக்கொள்வதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சட்டமும் கச்சானையும் மரக்கொட்டைகளையும் தனித்தனியாகவே குறிப்பிடுகின்றது. அறிவிக்கப்படவேண்டிய 14 பொருள்களின் வரிசையிலே இவ்விரண்டும் இரண்டு. 2014 டிசம்பர் முதல், பொதியின்றி விற்கும் உணவுக்கும் கடைக்காரர் இவ்விவரத்தைத் தரவேண்டும். எதை உண்ணலாம் என்பதை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். நாம் ஊகித்தல் கூடாது.

செய்முறை

தோலுடன் கூடிய வறுக்காத வாதுமை 250 கிராம், தோலுடன் கூடிய வறுக்காத கச்சான் 150 கிராம், சீனி 200 கிராம், தண்ணீர் 100 மில்லிலீற்றர். சந்தைக் கடைகளிலே வாதுமையின் எடைக்குச் சமமாகச் சீனி இடுவதுமுண்டு. உறைப்புச் சேர்ப்பதாயின் பாதி போதும். தோலை நீக்கவேண்டாம். வழுவழுப்பான வெள்ளைப் பருப்பிலே பாகு வழுக்கும். சுருக்கமுள்ள தோலிலே பற்றிக்கொள்ளும்.

தனியாக ஒரு கிண்ணத்திலே செத்தல் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து வைத்துக்கொள்ளவும். இங்கே மிளகாய்த்தூள் என்றது வெறும் செத்தலை அரைத்த தூளை. யாழ்ப்பாணத்து முறைப்படி மல்லி, சீரகம் முதலியன சேர்த்து வறுத்திடித்த தூளை முதன்முறை நாம் இட்டுப் பார்த்தோம். வாதுமை இறைச்சிக்கறி மணத்தது. உண்டவர்கள் மரியாதைக்காகப் புன்னகைத்தனர்.

கறுவா வாங்கும்போது பொதியைப் படிக்கவேண்டும். கடைகளிலே மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா எனும் வேறினம். அதிலே கூமரின் எனும் பொருள் மிகுதியாக உண்டு. 2006ஆம் ஆண்டிலே, நத்தார்க்காலக் கறுவாப் பலகாரங்களைச் சிறுபிள்ளைகளுக்கு மிகுதியாகக் கொடுக்கவேண்டாமென்று ஜேர்மனிய அரசின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்தது அதனாலேயே. 'சிலோன்' என்று குறித்த பொதியிலுள்ளது இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கறுவா. கூமரின் மிகக் குறைவு. நாட்டின் பெயர் 1972இலே மாறியும் கறுவாப் பெட்டியில் மாறவில்லை. இப்பண்டத்திலே கச்சானும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகைப்போல் உறைத்த காயாதலால் மிளகாய் என்று பெயரிட்டு நாம் அதனைச் சொந்தமாக்கிக்கொண்டோம். கறுவா மட்டும் எமது தீவிலிருந்து இந்நாட்டுக்கு வந்தது.

அகன்ற, அடி கனத்த தாச்சியிலே தண்ணீரையும் சீனியையும் இட்டு நடுத்தரச் சூட்டிலே கொதிக்கவிடவும். சீனி கரைந்ததும் வாதுமையையும் கச்சானையும் சேர்த்து நீண்ட பிடியுள்ள மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கவும். முதலில் குமிழிகள் பெரிதாகவும் இளக்கமாகவும் இருக்கும். தண்ணீர் ஆவியாகக் குமிழிகள் சிறுத்துப் பாகு தடிக்கும். இரு விரலுக்கிடையே நூல்போல் நீள்வது கம்பிப்பதம். குளிர்ந்த நீரிலே ஒரு துளி விட்டால் உருட்ட வருவது உருட்டுப்பதம். (பாகைக் கரண்டியிலே எடுத்து ஆறவிட்ட பின்னரே விரலால் தொடவேண்டும்.) வெப்பமானி கொண்டு அளந்தால் முன்னது 106 முதல் 112 பாகை செல்சியசு வரை, பின்னது 112 முதல் 116 வரை இருக்கும். எமது பாட்டிமார் வெப்பமானியைக் கண்டவரல்லர். விரலாலும் கண்ணாலும் அளந்து, அளந்ததற்குப் பெயரும் வைத்தனர். மேல்வகுப்பு மாணவர் இலக்கணத்திலே பகுபதம், பகாப்பதம் என்று கற்பர். அங்கே பதம் என்றால் சொல். அடுப்படியிலே பதம் என்றால் பக்குவம்.

இனி வருவதுதான் பலர் தவறும் இடம். உருட்டுப்பதம் கடந்து கிளறும்போது, பளபளத்த பாகு திடீரென ஒளியிழந்து, வெண்மையாகி, மணல்போல் உதிரத் தொடங்கும். எல்லாம் பாழாயிற்று என்றெண்ணி அடுப்பை அணைத்தவர்களை நாம் அறிவோம். தண்ணீர் ஊற்றியவர்களும் உண்டு. பாழாகவில்லை. சீனியைக் கரைத்து வைத்திருந்த தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டமையால், சீனியின் நுண்துகள்கள் மீண்டும் ஒன்றோடொன்று ஒழுங்காக அடுக்கிப் பளிங்குகளாகின்றன; கிளறுதல் அதனை விரைவுபடுத்துகின்றது. பாகைத் தெளிவாக வைத்திருக்க விரும்பும் பலகாரங்களிலே கிளறாதே என்பதும், இங்கே கிளறு என்பதும் இக்காரணம் பற்றியே. மணலான நிலையிலேயே இறக்கினாலும் உண்ணலாம். ஆனால் பருப்பு உள்ளே முற்றாக வறுபட்டிராது.

சூட்டைச் சற்றுக் குறைத்து மேலும் கிளறவும். தாச்சியின் அடியிலே கிடக்கும் மணல் உருகிப் பொன்னிறப் பாகாகி மீண்டும் பருப்பைப் பற்றும். இப்போது தண்ணீர் இல்லை, உருகுவது சீனியே. அதன் வெப்பம் 160 பாகையைத் தாண்டும். ஓரிடத்தில் நில்லாமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டவேண்டும். தொலைபேசி ஒலித்தால் ஒலிக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு பளபளத்து, ஒரு பங்கு இன்னும் மணலாக இருக்கும்போதே அடுப்பை அணைக்கவும். எஞ்சிய சூடு மிகுதியைச் செய்யும். முழுவதும் உருகும்வரை காத்திருந்தால் கசப்பு வந்துவிடும். தொடக்கம் முதல் இதுவரை ஏறத்தாழக் கால் மணித்தியாலம் செல்லும்.

அடுப்பை அணைத்த பின்னரே உறைப்புக் கலவையைத் தூவிப் புரட்டவேண்டும். தீயின்மேல் இட்டால் மிளகாய்த்தூள் கருகி அதன் காரம் காற்றிலே கலந்து வீடு முழுவதும் இருமும். உடனே எண்ணெய் பூசிய தட்டிலோ பேக்கிங் தாளிலோ கொட்டி, இரண்டு முட்கரண்டிகளால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடவும். சூட்டிலே தின்றுபார்த்து, மொறுமொறுப்பு இல்லையென்று மீண்டும் தாச்சியிலே இடவேண்டாம், ஆறினாற்றான் மொறுமொறுக்கும். ஒரு பிடி கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறிது எண்ணெயிலே பொரித்து ஆறிய பின் கலந்தால் மணமும் நிறமும் சேரும். மரமுந்திரிகை வாதுமையை விட விரைவிலே கருகுமாதலால் அதனை விரும்புவோர் தனியாகச் செய்துகொள்வது நன்று.

தாச்சிக்கருகே நிற்கும் பணி பெரியவர்களுக்கே உரியது. கொதிநீர் பட்டால் வழிந்தோடும். பாகோ தோலிலே ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுவிட்டால் உடனே குழாயின் குளிர்நீரிலே பத்து நிமிடமாவது பிடிக்கவேண்டும். பனிக்கட்டி, எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். காயம் பெரிதாயின், அல்லது முகத்திலோ சிறுபிள்ளை மீதோ பட்டதாயின் மருத்துவரிடம் செல்லவேண்டும். பிள்ளைகள் அளந்து கொடுக்கலாம், தட்டுக்கு எண்ணெய் பூசலாம், ஆறிய பின் பிரித்துப் பொதி செய்யலாம். தள்ளி நின்று பாகின் பதங்களைப் பெயர்சொல்லி அறிவிக்கும் வேலையை எமது வகுப்பிலே எட்டு வயது மாணவியொருவரிடம் விட்டோம். 'மணல்! மணல்!' என்று அவர் கூவிய குரல் அடுத்த வகுப்பறைவரை கேட்டது.

பரிமாறுமுன்

ஒளிவிழாவிலே நடந்ததன் பின்னர் எமது மேசையிலுள்ள ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சீட்டு வைக்கப்படுகின்றது. பண்டத்தின் பெயர், அதனுள் இருப்பவை, இரண்டும் தமிழிலும் ஜேர்மன் மொழியிலும். எழுதுபவர்கள் மாணவர்களே. 'இதிலே வாதுமை, கச்சான் உண்டு' என்று எழுதுவதற்காகவேனும் அவ்விரு சொற்களையும் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்கின்றனர். ஒரு தட்டின் கரண்டியை மற்றொரு தட்டில் இடக்கூடாது என்பதும் எமது விதி. கொட்டை சேர்ந்த பண்டங்களுக்கு மேசையின் ஒரு கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு எதனையும் கொடுப்பதில்லை. ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கும் அது மூச்சுக்குழாயிலே சிக்கலாம்.

பெற்றோருக்கும், சிறப்பாக ஊரிலிருந்து வரும் பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். வற்புறுத்தி ஊட்டுவது எமது விருந்தோம்பலின் ஒரு பகுதி. வேண்டாம் என்பவரை மூன்று முறை கேட்டுத் தட்டில் வைப்பதே மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். 'ஒரு துண்டு ஒன்றும் செய்யாது' என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஒரு துண்டு செய்யும். பிள்ளையொன்று வேண்டாம் என்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். அம்மம்மாமாருக்கு இதனைச் சொல்லும்போது குற்றஞ்சாட்டும் குரலிலே சொல்லவேண்டாம். அவர் சமைக்கத் தொடங்குமுன் அருகிருந்து, இன்ன பிள்ளைக்கு இன்னது ஒவ்வாது என்று சொன்னால் அவரே மறவாமல் காத்துக்கொள்வார்.

மாணவர்களே, ஒவ்வாமை உள்ளவர்கள் தத்தமக்குரிய சொல்லை இட்டு இவ்வசனத்தைத் தடையின்றிச் சொல்லப் பழகவேண்டும்: "எனக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டால் மூச்சு முட்டும். இதற்குள் கச்சான் போட்டிருக்கிறீர்களா?" உங்களுக்கு இல்லையாயினும் உங்கள் தோழருக்காகச் சொல்லத் தெரிந்திருங்கள். எமது வகுப்பிலே இதனைப் பாராமற் சொல்லுதல் ஆத்திசூடிக்கு அடுத்த பாடமாகிவிட்டது. உண்ட பின் உதடு தடித்தாலோ மூச்சுத் திணறினாலோ, வைத்திருக்கும் மருந்தூசியை உடனே பயன்படுத்தி 112ஐ அழைக்கவேண்டும். சற்றுப் பார்ப்போம் என்று காத்திருத்தல் ஆகாது.

எவருக்கும் அஞ்சாமல் கொடுக்கத்தக்க மாற்றுப் பண்டம் ஏதேனும் உண்டா என்று கேட்பர். எல்லாருக்கும் பொருந்துவதென்று எதனையும் உறுதிகூற இயலாது. பூசணி விதையையும் சூரியகாந்தி விதையையும் இதே முறையிலே நாம் செய்து வருகின்றோம். சிறியவையாதலால் பாதிச் சீனியும் பாதி நேரமும் போதும். கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்து, ஈரம் துடைத்துப் போறணையிலே மொறுமொறுப்பாக்கி உறைப்புத் தூவலாம். ஆனால் கச்சான் ஒவ்வாதவருள் சிலருக்குப் பிற பயறுகளும் ஒவ்வா என்பதனால் அதற்கும் சீட்டு வேண்டும். வாதுமை வறுத்த அதே தாச்சியைக் கழுவாமல் இவற்றைச் செய்தால் செய்ததன் பயன் இல்லை.

முற்றாக ஆறிய பருப்பைக் காற்றுப்புகாத ரின்னிலே இட்டு வைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். சூட்டோடு மூடினால் நீராவி பட்டுப் பிசுபிசுக்கும். தாச்சியில் இறுகிய பாகைக் கத்தியாற் சுரண்டவேண்டாம். அது நிரம்பத் தண்ணீர் ஊற்றி மீண்டும் அடுப்பிலேற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்துவிடும்.